40 கே.பி-யில் மரியோ... 1,800 கோடியில் ஒரு கேம்! எது பெரிசு?

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, பந்தல் போடுவதில்தான் முதலில் பெரும்பணம் இறங்கும். அவ்வளவையும் மண்ணில் போட்டவர், மறு வருஷமே 'வேற ஏதாவது போட்டுப் பார்ப்போமே' என்று துணிய மாட்டார்.

நம் பிள்ளைகள் டி.வி-யில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் உலகமும் இன்று அப்படியொரு பந்தலுக்கு அடியில்தான் நிற்கிறது.

மார்க்கர் பேனா சொன்ன ரகசியம்

ஒரு கேம் தயாரிக்க எவ்வளவு செலவாகும்? கம்பெனிகள் வாயைத் திறக்காது. ஆனால், 2023 ஜூனில் அமெரிக்க நீதிமன்றத்தில் குட்டு உடைந்தது. மைக்ரோசாஃப்ட் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், 'பிளேஸ்டேஷன்' தயாரிக்கும் சோனியின் ஆவணங்களும் தாக்கலாயின. ரகசிய எண்களை மார்க்கர் பேனாவால் கறுப்படித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது, மைக்குக் கீழே இருந்த எண்கள் பளிச்சென்று தெரிந்துவிட்டன!

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர். அதாவது, 1,800 கோடி ரூபாய்க்கு மேல். தமிழில் எந்தப் படத்துக்கும் இவ்வளவு செலவானதில்லை. 'ஹொரைசன்' இரண்டாம் பாகத்துக்கு 21.2 கோடி டாலர், ஐந்து வருட உழைப்பு.

கவனித்தீர்களா? இரண்டுமே 'இரண்டாம் பாகம்'. இவ்வளவு பணம் போட்டால், ஏற்கெனவே ஓடிய குதிரையின் மேல்தான் கட்டத் தோன்றும். புதுக்கதைக்குத் துணிச்சல் வராது. கணக்கு தப்பினால் அடி விழுவது ஊழியர்களுக்கு. 2024 பிப்ரவரியில் சோனியின் கேம் பிரிவு சுமார் 900 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. லண்டன் ஸ்டூடியோவுக்கே பூட்டு!

பழைய வீட்டுக்கு மாடி

ஜப்பானின் நின்டெண்டோ போன வழி வேறு. 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கே.பி-தான். உங்கள் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட்மார்னிங்' படம்கூட அதைவிடப் பெரிசு. இடம் போதாமல், வானத்து மேகத்தின் படத்தையே பச்சையாக்கித் தரையில் புதராக வைத்தார்கள். உலகமே விளையாடியது, பெரும்பாலோர் கண்டுபிடிக்கவில்லை.

அங்கே பணியாற்றிய குன்பெய் யோகோயின் கொள்கை எளிமையானது. பழகிப்போன, விலை மலிந்த தொழில்நுட்பத்தை எடு. யாரும் நினைக்காத விதத்தில் பயன்படுத்து. 1989-ல் வந்த அவருடைய 'கேம் பாய்' கருவியில் கலர் திரைகூடக் கிடையாது. கலர் திரையோடு வந்த போட்டிக் கருவிகள் பேட்டரியைக் குடித்துத் தீர்த்தன. கேம் பாய் நின்று விளையாடியது.

அதே நின்டெண்டோவின் 'செல்டா' தொடர் 1986-ல் தொடங்கியது. 2017-ல் வந்த பாகத்துக்காக உருவாக்கிய பிரமாண்ட நிலப்பரப்பையே 2023-ல் வந்த பாகத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். மேலே வானத்தீவுகள், கீழே பாதாளம், கையில் கிடைத்ததை ஒட்டி வண்டி செய்யும் வித்தை... இவைதான் புதுசு. பழைய வீட்டுக்கு மாடி கட்டியது போல! அதற்கும் ஆறு வருடம் ஆனது, செலவும் சின்னதில்லை. ஆனால், பணம் போனது புது யோசனைக்கு. மூன்றே நாளில் ஒரு கோடி பிரதிகள் விற்றன.

சோனிக்கும் இது தெரியாமலில்லை. அதன் டோக்கியோ குழுவில் சுமார் 60 பேர் சேர்ந்து செய்த 'ஆஸ்ட்ரோ பாட்', 2024-ன் சிறந்த கேம் விருதைத் தட்டிச் சென்றது.

அல்லிநகரத்துப் பாடம்

தேனிக்காரர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. அல்லிநகரத்து பாரதிராஜா 1977-ல் '16 வயதினிலே' எடுத்தபோது, கிராமத்தை செட்டாகப் போடாமல் கேமராவையே கிராமத்துக்குத் தூக்கிப் போனார். பண்ணைப்புரத்து இளையராஜா இசை தந்தார். தமிழ் சினிமாவே திசை திரும்பியது.

கேம் உலகத்திலும் தமிழுக்கு அப்படியொரு தருணம் வந்தது. கனடாவின் டொரன்டோவில் ஒரு சின்னக் குழு 2023-ல் வெளியிட்ட கேமின் பெயர் 'வெண்பா'. சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ் அம்மாவின் சமையலறைதான் களம். அம்மா தந்த சமையல் நோட்டில் சில வரிகள் அழிந்திருக்கும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் பேசத் தயங்கும் மகனிடம் அந்தத் தாய் தவிக்கும் இடத்தில் கண் கலங்கும். ஓரிரு மணி நேரத்தில் முடியும் இந்த விளையாட்டுக்கு, 2024-ல் பிரிட்டனின் 'பாஃப்டா' விருது கிடைத்தது.

எனவே, வீட்டில் பிள்ளை 'கேம் டிசைன் படிக்கிறேன்' என்றால் உடனே திட்ட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு லட்சக்கணக்கில் ஃபீஸும் கட்ட வேண்டாம். 'உன்கிட்ட என்ன கதை இருக்கு?' என்று கேளுங்கள். பேப்பரும் பென்சிலும் கொடுத்து, முதலில் ஒரு சின்ன ஆட்டத்தை உருவாக்கச் சொல்லுங்கள். அதை நீங்களே விளையாடியும் பாருங்கள்.

பந்தல் பிறகு போட்டுக்கொள்ளலாம். முதலில் கொடி துளிர்க்கட்டும்!