ராமர் பெயரில் ஒரு தாடை, சிவன் பெயரில் ஒரு முகம்

மலேசியாவின் சிம்பாங் அம்பாட்டிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே போய்ப் பேராக்கினுள் நுழைந்தால் புக்கிட் மேரா ஏரி வரும். அதிலுள்ள தீவில் ஓராங் ஊத்தான்களைப் பார்க்கலாம். அவற்றின் மூதாதையர் யார் என்ற வழக்கில் முக்கியச் சாட்சி இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் மலைப் படிவுகளில் கிடைத்தது.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் கை பில்கிரிம் 1910இல் அங்கு கிடைத்த வாலில்லாக் குரங்கின் எச்சங்களுக்குச் சிவாபிதெக்கஸ் என்று பெயரிட்டார். 1932இல் யேல் பல்கலைக்கழக மாணவர் எட்வர்ட் லூயிஸ், இமாச்சலத்தின் ஹரிதல்யாங்கரில் ஓர் உடைந்த மேல்தாடையை எடுத்தார். அதற்கு ராமாபிதெக்கஸ் என்று பெயர் வைத்தார். முகம் குட்டை, கோரைப்பல் சிறியது, எனாமல் தடிமன். இதெல்லாம் மனிதனை நினைவூட்டியது. 1960களில் எல்வின் சைமன்சும் டேவிட் பில்பீமும் இதையே மனித வழியின் முதல் மூதாதை என்றனர். பாடநூல்களும் ஏற்றுக்கொண்டன.

ஆனால் கையில் இருந்தது தாடையின் ஒரு பக்கம்தான். மறுபக்கத்தின் வளைவு ஊகம். அந்த ஊகத்தின் மேல்தான் நம் வம்சாவளியே கட்டப்பட்டிருந்தது.

1967இல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்தது சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்றனர். ராமாபிதெக்கஸுக்கோ அன்று 1 கோடியே 40 லட்சம் ஆண்டு வயது சொல்லப்பட்டது. எலும்பாய்வாளர் பலர் இந்தக் கணக்கை ஏற்க மறுத்தனர்.

தீர்ப்பை மாற்றியது பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியில் கிடைத்த சிவாபிதெக்கஸின் முகம். 1982இல் அதை வெளியிட்டவர் பில்பீமேதான். நெருங்கிய கண்கள், உயர்ந்த நீள்வட்டக் கண்குழி, உட்குழிந்த முகம்: அச்சு அசலாக ஓராங் ஊத்தான். தன் பழைய கருத்தைத் தானே கைவிட்ட அவரது நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். ராமாபிதெக்கஸ் தனிப் பேரினம் அல்ல என்றாயிற்று. சிறிய தாடைகள் பெரும்பாலும் சிவாபிதெக்கஸின் பெண் விலங்குகளுடையவை. முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விதி. அதனால் 1910இன் பெயர் நின்றது.

வழக்கு அதோடு முடியவில்லை. 1990இல் விவரிக்கப்பட்ட மேற்கை எலும்புகள், சிவாபிதெக்கஸ் கிளைகளில் தொங்கி வாழாமல் நான்கு கால்களில் நடந்திருக்கும் என்று காட்டின. ஓராங் ஊத்தானோ தொங்கியே வாழ்வது. அப்படியானால் முக ஒற்றுமை தனித்தனியே இருமுறை தோன்றியதா, அல்லது தொங்கும் உடலமைப்பு பின்னால் வந்ததா? என் கணிப்பில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். முகத்தில் அத்தனை நுணுக்கங்கள் தற்செயலாக ஒன்றுபடுவது கடினம். ஆனால் தாய்லாந்தில் கிடைத்து 2004இல் பெயர் பெற்ற கொராட்பிதெக்கஸ் என்ற வாலில்லாக் குரங்கும் இந்த மூதாதைப் போட்டியில் இருக்கிறது. ஓராங் ஊத்தானைப் போலவே, அதன் கீழ்த்தாடையிலும் ஒரு குறிப்பிட்ட தசை ஒட்டிய தழும்பு இல்லை.