புறா எச்சத்தில் மறைந்திருக்கும் குடல் ஒட்டுண்ணிகளைக் கண்டறிதல்

கமக்காரரின் வீட்டு வளவிலே மரக்கால்களின் மேல் நிற்கும் புறாக் கூடு எமது நாட்டில் புதிய காட்சியன்று. சிறுவரின் விருப்பத்துக்காக வாங்கிவிட்ட இரண்டு சோடிகள் சில ஆண்டுகளில் இருபது முப்பதாகப் பெருகிவிடுகின்றன. களத்திலே சிந்திய நெல்லும் உடைந்த பயறும் அவற்றின் தீனிக்குப் பெரும்பாலும் போதும். அவற்றிடமிருந்து கிடைக்கும் எருவோ மாட்டெருவிலும் பார்க்க நைதரசன் மிகுந்தது. ஆதலால், கூட்டின் கீழே சேரும் எச்சத்தை வழித்தெடுத்து வீட்டை அடுத்துள்ள கீரைப் பாத்தியில் இடுவது பலருக்கு வழக்கமாயிற்று.

இவ்வழக்கத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. நல்ல பசளையை வீணாக்கும்படி கமக்காரருக்கு எவரும் கூறார். ஆயினும், அவ்வெச்சத்தினுள் மறைந்திருக்கக்கூடிய ஒட்டுண்ணிகளுள் எவை புறாவோடு நின்றுவிடுவன, எவை மனிதரையும் பற்றக்கூடியன என்பதை அறிந்தபின்னரே அதனைப் பாத்தியில் இடுதல் வேண்டும். இவ்விடயத்தில் கண் எம்மை ஏமாற்றிவிடுகின்றது. கண்ணுக்குத் தெரியும் புழுவைக் கண்டு அஞ்சுகிறோம். அஞ்சவேண்டியதோ கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

புறாவின் குடலிலே வாழும் புழுக்களுள் பெரியது அசுக்கரிடியா என்னும் வட்டப்புழு. வெண்ணிறமான இப்புழு பல சென்ரிமீற்றர் நீளம் வரை வளரும். சில வேளைகளில் எச்சத்தோடு முழுப்புழுவாகவே வெளிவருவதுமுண்டு. மயிர் போன்று மெல்லிய கப்பிலாரியா என்பது மற்றொன்று. இது குடற்சுவரிலே துளைத்துச் சென்று பறவையை மெலியச் செய்யும். எறும்பு, வண்டு ஆகியவற்றைத் தின்பதால் புறாவை அடையும் நாடாப்புழுக்களும் உள. கோழி வளர்ப்போர் நன்கறிந்த கொக்சீடியோசிஸ் நோய் புறாக்களுக்கும் உண்டு. எனினும் கோழியைப் பற்றும் வகை வேறு, புறாவைப் பற்றும் வகை வேறு. இவையாவும் புறாவுக்குக் கேடு செய்வன. குஞ்சுகளைக் கொல்லவும் வல்லன. ஆயினும் இவற்றைக் கண்டு வீட்டிலுள்ளோர் கலங்க வேண்டியதில்லை. புறாவின் வட்டப்புழு மனிதக் குடலிலே குடியேறுவதில்லை. சிறுவர்களிடம் காணப்படும் வட்டப்புழு முற்றிலும் வேறானது.

மனிதரையும் பற்றக்கூடியவற்றுள் முதலாவதாகச் சொல்லவேண்டியது கிரிப்டோசுப்போரிடியம் என்னும் ஒருகல உயிராகும். இதன் முட்டை போன்ற உறையின் விட்டம் 4 முதல் 6 மைக்குரோன் மாத்திரமே. ஒரு மைக்குரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அமெரிக்க விஞ்ஞானி ஏர்ணஸ்ற் ரைசர் 1907 இல் எலியிலே இதனைக் கண்டு விவரித்தார். நெடுங்காலமாக இது விலங்குகளுக்கே உரியதெனக் கருதப்பட்டு வந்தது. 1976 இல் மனிதரிடமும் இந்நோய் இருப்பது அறியப்பட்டது. இதன் இனங்களுள் மெலியாகிரிடிஸ் எனப்படுவது 1955 இல் வான்கோழியிலே விவரிக்கப்பட்டது. அது கோழி, புறா முதலிய பறவைகளில் வாழ்வதோடு மனிதரையும் பற்றுகின்றது.

இவ்வுயிரினும் சிறியவை மைக்குரோசுப்போரிடியா என்னும் நுண்ணுயிர்கள். இவற்றின் வித்திகள் ஒன்று முதல் இரண்டரை மைக்குரோன் அளவினவே. ஸ்பெயின் நாட்டின் நகரப் பூங்காக்களில் திரியும் புறாக்களின் எச்சத்திலே, மனிதருக்கு நோய் விளைக்கும் மைக்குரோசுப்போரிடிய வகைகள் இருந்தமையை 2005 இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. நோயெதிர்ப்பு வலு குன்றியவர்களே இவற்றால் பெரிதும் வருந்துவர்.

விடயத்தை அளவுக்கு மிஞ்சிப் பெரிதுபடுத்தலும் தவறாகும். மனிதரிடம் காணப்படும் கிரிப்டோசுப்போரிடிய நோயிற் பெரும்பங்கு மனிதரின் மலத்தாலும் கன்றுகளின் சாணத்தாலும் வருவதேயன்றிப் புறாவால் வருவதன்று. மாட்டுத் தொழுவத்திலே கழிச்சல் கண்ட இளங்கன்று ஒன்று நின்றால், அதனையே முதலிற் கவனித்தல் வேண்டும். உடல்நலமுள்ள ஒருவருக்கு இந்நோய் வந்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின் நீர்போன்ற வயிற்றோட்டமும் வயிற்று வலியும் தோன்றி, ஓரிரு வாரங்களிலே தாமாகத் தணியும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர் ஆகியோருக்கு இது அவ்வாறு எளிதில் தணிவதன்று. புறாக் கூட்டைத் துப்புரவு செய்யும் வேலையைச் சிறுவரிடமே விட்டுவிடும் வீடுகள் பல என்பதை இங்கு நினைவூட்டுகிறோம்.

புறாவைப் பார்த்தே நோயைக் கண்டுகொள்ளலாமென்று சிலர் எண்ணுவர். இறகு சிலிர்த்து ஒதுங்கி நிற்பதும், நெஞ்செலும்பு கத்தி முனைபோற் கைக்குத் தென்படுவதும், எச்சம் நீர்த்துப் பசுமையாகப் போவதும் நோயின் குறிகளே. ஆனால் அவை எந்நோயின் குறிகள் என்பதைப் பறவை சொல்லாது. அதனினும் முக்கியமானது யாதெனில், கிரிப்டோசுப்போரிடியத்தைக் குடலில் வைத்திருக்கும் வளர்ந்த புறா பெரும்பாலும் எக்குறியுமின்றிக் கொழுத்துத் திரியும். ஆகவே எச்சத்தைப் பரிசோதிப்பதே வழி.

எச்சத்தை எடுக்கும் முறை

மாலையிலே புறாக்கள் கூடடைந்தபின் அவை அமரும் சட்டங்களின் கீழே துப்புரவான பொலித்தீன் தாளையோ வாழையிலையையோ விரித்துவிடுக. விடியற்காலையில் அதன்மேல் விழுந்துள்ள புதிய எச்சத்தைப் பல இடங்களிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்து, மூடியுள்ள சிறு போத்தலில் இடுதல் வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவு போதுமானது. நிலத்தில் கிடக்கும் பழைய எச்சத்தை வழித்து அனுப்புதலாகாது. மண்ணிலே தாமாக வாழும் நுண்புழுக்கள் அதனுட் புகுந்துவிடும். ஆய்வுகூடத்தார் அவற்றைக் கண்டு மயங்கவும் நேரும். நோயுற்ற பறவை இருப்பின், அதனைத் தனிக் கூட்டில் அடைத்து அதன் எச்சத்தை வேறொரு போத்தலில் எடுக்க.

ஒரு நாள் எடுத்த எச்சத்திலே ஒன்றும் காணப்படாமையால் கூடு துப்புரவானது என்று முடிவு செய்தல் கூடாது. ஒட்டுண்ணிகள் நாள்தோறும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. ஒன்றுவிட்டொரு நாளாக மூன்று முறை எடுத்தால் முடிவை ஓரளவு நம்பலாம். போத்தலின்மேல் நாளும், பறவைகளின் தொகையும், கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயரும் எழுதி, ஐசுக்கட்டி வைத்த பெட்டியிலே அன்றே அரசாங்க கால்நடை வைத்தியர் அலுவலகத்திற் சேர்ப்பித்தல் நன்று. எச்சத்தை உறைய வைத்தலாகாது. அன்றே சேர்ப்பிக்க இயலாதாயின், எதை ஊற்றிப் பாதுகாப்பது என்பதை வைத்தியரிடமே கேட்டறிக. புழுமுட்டைகளைக் காக்கும் போமலின், மரபுப்பொருளை ஆராயும் சோதனையைக் கெடுத்துவிடும்.

ஆய்வுகூடத்தில் நடப்பது

விதைநெல்லை உப்பு நீரில் இட்டுத் தெரிவு செய்யும் முறையைக் கமக்காரர் அறிவர். புதிய கோழிமுட்டை மிதக்கும் வரை உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மேலே மிதக்கும். நிறைமணி அடியிலே தங்கும். ஆய்வுகூடத்தாரின் முதல் வேலையும் இதுவேயாகும். எச்சத்தைக் கடும் உப்புக் கரைசலிற் கலக்கி வடித்து, சிறு குழாயொன்றில் விளிம்பு வரை ஊற்றி, மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடிக் கால் மணி நேரம் விடுவர். இங்கே மிதப்பதைத் தள்ளிவிடுவதில்லை, மிதப்பதே தேடப்படுவது. புழுமுட்டைகள் மேலேறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். நுணுக்குக்காட்டியின் கீழே வட்டப்புழுவின் முட்டை நீள்வட்டமாகவும், கப்பிலாரியாவின் முட்டை இரு முனைகளிலும் தக்கை அடைத்த எலுமிச்சங்காய் போன்றும் தோன்றும்.

கிரிப்டோசுப்போரிடியத்தை இம்முறையால் எளிதிற் காண முடியாது. அதனை மிதக்கச் செய்வதற்குச் செறிந்த சீனிக் கரைசல் ஏற்றது. மிதந்ததன் பின்னரும் சாயமூட்டுதல் வேண்டும். காசநோய்க் கிருமியைக் காண்பதற்கு வழங்கும் சீல்-நீல்சன் சாயமுறையைச் சிறிது மாற்றி இதற்குப் பயன்படுத்துகின்றனர். பச்சை அல்லது நீலப் பின்னணியில் சிறு செந்நிற மணிகளாக அவை தென்படும். தானியம் தின்னும் புறாவின் எச்சத்தில் மதுவக் கலங்கள் நிறைய இருக்கும். பருமனிலும் வடிவிலும் அவை கிரிப்டோசுப்போரிடியத்தை ஒத்தன. சாயமே இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும்: மதுவம் பச்சையாகவே நிற்கும். மைக்குரோசுப்போரிடியாவுக்கு வேறு சாயம் தேவை.

சிவந்த மணியைக் கண்டவுடன் அது மனிதரைப் பற்றும் இனமெனக் கூறிவிட இயலாது. பறவைகளோடு நின்றுவிடும் இனங்களும் உள்ளன. தோற்றத்தால் அவற்றைப் பிரித்தறிவது அரிது. 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்திலே யாவரும் கேள்வியுற்ற பி.சி.ஆர். சோதனையே இதனைத் தீர்த்துவைப்பது. எல்லா ஆய்வுகூடங்களிலும் இது செய்யப்படுவதில்லை. ஆகவே, வீட்டிலே ஒருவருக்கு வயிற்றோட்டம் நீடிக்கின்றது, கூட்டிலும் இவ்வுயிர் காணப்பட்டது என்னும் நிலையிலே, சோதனையின் முடிவுக்காகக் காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். வைத்தியரிடம் வீட்டிலே புறா வளர்ப்பதையும் கன்று நிற்பதையும் தவறாது சொல்லுக. சாதாரண மலப்பரிசோதனையில் இதனைத் தேடும்படி கேட்டாலன்றிப் பெரும்பாலும் தேடார்.

எருவைப் பற்றி

வயலுக்கு இடும் எருவால் அச்சம் சிறிதே; சோறு கொதித்து வேகின்றது. களத்திற் காயும் நெல்லின்மேல் விழும் எச்சமும் அத்தகையதே. கவனம் வேண்டியது பச்சையாக உண்ணும் மரக்கறிகளில்: வல்லாரை, சலாது, வெங்காயத்தாள், கரட், தக்காளி ஆகியன. ஐக்கிய அமெரிக்காவின் சேதன விவசாய விதிகளின்படி, மண்ணைத் தொட்டு வளரும் உணவுப் பயிருக்கு மக்காத எருவை இட்டால், அறுவடைக்கு முன் 120 நாட்கள் கழிதல் வேண்டும். ஒரு மாதத்தில் பிடுங்கும் கீரைக்கு இக்கணக்கு ஒருபோதும் பொருந்தாது. எனவே கீரைப் பாத்திக்குப் பச்சைப் புறா எரு ஆகாது என்பதே எமது முடிவு.

எச்சத்தை வைக்கோல், சருகு ஆகியவற்றோடு கலந்து குவித்து மக்கச் செய்க. குவியலின் உட்புறம் 55 பாகை செல்சியசுக்குக் குறையாமற் பதினைந்து நாட்கள் சூடாக நின்று, அக்காலத்தில் ஐந்து முறையேனும் புரட்டப்பட்டால் ஒட்டுண்ணிகள் மடிந்துவிடும். இருபது புறாக்களின் எச்சம் மட்டும் இவ்வளவு சூடேறாது. மாட்டெருவோடு சேர்த்துப் பெருங்குவியலாக அமைத்தல் வேண்டும். அவ்வாறு இயலாதவர் அதனைத் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம்.

எச்சத்தை வெயிலிற் காயவைத்தால் கிரிப்டோசுப்போரிடியம் விரைவில் மடியும் என்பது உண்மையே. ஆயினும் காய்ந்த எச்சத்தைக் கூட்டும்போது எழும் தூசி, சுவாசப்பையைப் பற்றும் வேறு நோய்களைக் கொண்டுவரும். ஆதலால் கூட்டைத் துப்புரவாக்குமுன் நீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வயது வந்தவரே அவ்வேலையைச் செய்க. பின்னர் கைகளைச் சவர்க்காரத்தால் நன்கு கழுவுக. கிணற்றுக்கு மேலாகக் கூடு நிற்குமாயின் அதனை இடம் மாற்றுக. கிணற்று நீருக்கு இடும் குளோரீன் இவ்வுயிரைக் கொல்லாது. அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் 1993 இல் குளோரீனிட்ட குழாய் நீரை அருந்தி ஏறத்தாழ 4 இலட்சம் மக்கள் நோயுற்றனர். ஐயமுள்ள நீரைக் கொதிக்கவைத்தே பருகுதல் வேண்டும்.

மாதந்தோறும் புறாக்களுக்குப் புழுமருந்து ஊற்றுவதைக் காவலென்று நினைப்பவர் சிலர். அம்மருந்து வட்டப்புழுவை வெளியேற்றும். கிரிப்டோசுப்போரிடியத்தை ஒன்றும் செய்யாது. எச்சத்திலே புழுமுட்டை காணப்பட்டால் மாத்திரம் கால்நடை வைத்தியர் கூறும் அளவிலே மருந்தைக் கொடுத்து, இரண்டு வாரங்கள் கழிந்தபின் முன்போலவே வாழையிலை விரித்து எச்சத்தை எடுத்து மறுபடியும் அனுப்பிப் பார்க்க.