தாயும் பிள்ளையும் ஒரே பாயில்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வலிகாமத்தில் ஓர் அக்கா சொன்னார்: "95 இடப்பெயர்வோடை என்ரை படிப்பு நிண்டு போச்சு மிஸ். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்லிக்குடுக்கிறது?"

இருவருமாக வாரத்துக்கொரு அட்டவணை போட்டோம். திங்கள், கடைச்சிட்டையைக் கூட்டி மிச்சக்காசு பார்த்தல். செவ்வாய், அம்மம்மா சொல்லும் கதையைக் கொப்பியில் பத்து வரி எழுதுதல். புதன், முற்றத்தில் நட்ட தடியின் நிழலைக் காலை, மதியம், மாலை அளத்தல். வியாழன், உரத்த வாசிப்பு. வெள்ளி, பிள்ளை ஆசிரியை, தாய் மாணவி.

புலமைப்பரிசில் பரீட்சை ஒக்டோபர் 11இல் நடந்தது. அதற்குள் அக்காவும் பத்திரிகை வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

சகோதரிகளே, உங்கள் படிப்பு எந்த வகுப்பில் நின்றிருந்தாலும், மாலையில் அரைமணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் இருங்கள்.