மலைப்பாதையில் கியர்

ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்திலுள்ள கால்காவினின்று 2,200 மீட்டர் உயரத்துச் சிம்லாவுக்குக் காரோட்டிச் செல்வோர் நம்மிடையே உளர். ஏற்றத்தில் எஞ்சின் திணறிய பின்னர்க் கியரைக் குறைப்பது காலங்கடந்த செயல். வளைவுக்கு முன்பே குறைத்தல் வேண்டும். வேகம் தணியினும் சக்கரங்களைத் திருப்பும் விசை பெருகும்.

இறக்கமே அஞ்சத்தக்கது. பெட்ரோல் மிச்சமாகுமென்று நியூட்ரலில் உருளவிடுவோர் பலர். நாமும் ஒருமுறை அவ்வாறு செய்து, தரம்பூர் அருகே பிரேக் சூடேறி, மிதித்தும் வண்டி அடங்காமையால் நடுங்கினோம். மூன்றாவது, பின் இரண்டாவது கியருக்கு வந்த பின்னரே எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டது. பின்னிருக்கையில் உறங்கிய குழந்தைகள் அதனை அறியார்.

அந்த மிச்சமும் மயக்கமே. இக்காலக் கார்களில் கியரிலிருந்தவாறே ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்குகையில் எரிபொருள் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் ஓயாது குடித்துக்கொண்டிருக்கும்.