பெய்யும், பெய்யலாம், பெய்யுமாம்

ஐப்பசி பிறந்தா எங்க கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டுல ஒரே பேச்சுதான். உளுந்தும் பருத்தியும் விதைச்சவங்க வானத்தைப் பாத்துட்டு, 'மழை பெய்யும்', 'பெய்யலாம்', 'பெய்யுமாம்'னு மூணு விதமா சொல்வாங்க. மூணும் ஒண்ணு இல்ல. முதல் ஆள் உறுதியா சொல்றார். ரெண்டாவது ஆள், வாய்ப்பு இருக்குங்கறார். மூணாவது ஆள், கேள்விப்பட்டேன், பொய்யானா என்னைக் கேக்காதீங்கங்கறார்.

தமிழ்ல இந்த வித்தியாசம் வினைச்சொல்லோட வால்லயே ஒட்டிக்கிட்டு வந்துரும். இங்கிலீஷ்ல பெரும்பாலும் தனியா ஒரு சொல்லைத் தேடிப் போடணும். அங்கதான் தடுக்கி விழுறோம்.

நான் விழுந்த கதையைச் சொல்றேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. டேட்டாவை மீட்டாச்சுன்னு டீம்ல ஒரு அண்ணன் சொன்னார். நான் மேனேஜருக்கு, 'தி டேட்டா ஹேஸ் சப்போஸட்லி பீன் ரீஸ்டோர்ட்'னு மெயில் போட்டேன். நான் நினைச்சது 'மீட்டாச்சாம்'. படிச்சவங்க காதுல விழுந்தது 'மீட்டுக் கிழிச்சாராம்'. அந்த அண்ணன் ரெண்டு நாள் என்கூட பேசல.

சப்போஸட்லி போட்டா, எனக்கே நம்பிக்கை இல்லைங்கற தொனி வந்துரும். கேள்விப்பட்ட விஷயத்துக்கு அப்பேரன்ட்லி பரவாயில்ல. அதைவிட நல்லது, யார் சொன்னாங்கன்னு நேரா எழுதிடறது.

ப்ராபப்லின்னா 'அநேகமா', அதாவது நடக்கத்தான் வாய்ப்பு அதிகம். பாசிப்லின்னா வெறும் 'லாம்', நடக்காமலும் போகலாம். மாலை ஆறு மணிக்கு சர்வர் வரும்னு நம்பி ஒருத்தர் வேலையைத் திட்டமிடுறப்போ, இந்த ரெண்டையும் மாத்திப் போட்டா அவர் பாடு திண்டாட்டம்தான். ஐ.நா.வோட காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. இந்தக் குழப்பமே வேண்டாம்னு எண்ணாலயே வரையறுத்து வச்சிருக்கு. அவங்க அறிக்கையில லைக்லின்னா குறைஞ்சது 66 சதவீதம், வெரி லைக்லின்னா குறைஞ்சது 90 சதவீதம்.

அடுத்து, சொல்லை எங்க வைக்கிறதுன்னு பாப்போம். 'இட் வில் ப்ராபப்லி ரெயின்'னு வில்லுக்குப் பின்னாடி வரும். மறுத்துச் சொன்னா முன்னாடி போயிரும்: 'இட் ப்ராபப்லி வோன்ட் ரெயின்'. 'மே பாசிப்லி'ன்னு ரெண்டையும் அடுக்க வேண்டாம், மேக்குள்ளயே 'லாம்' இருக்கு. கண்ணால பார்த்த விஷயத்துக்கு இது எதுவுமே வேண்டாம். சர்வர் நின்னுருச்சுன்னா, நின்னுருச்சுன்னே எழுதுங்க.

அடுத்த தடவை மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி, அந்த வாக்கியத்தைத் தமிழ்ல ஒருதரம் சொல்லிப் பாருங்க. முடிவுல வர்றது 'உம்'மா, 'லாம்'மா, 'ஆம்'மா? அதுக்கு ஏத்த சொல்லைப் போடுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.