காரில் துருவா? மேலே பெயின்ட் அடிச்சா போதாது! உப்புக் காத்து ஊர்க்காரங்க கவனிக்க வேண்டிய விஷயம்

தூத்துக்குடி: கடற்கரை ஊரில் கார் வச்சிருக்கிறவங்களுக்கு இது தீராத தலைவலி. கதவு ஓரத்து பட்டை, ஜன்னல் பிரேம், பம்பர், வைப்பர் கை என ஒவ்வொன்றாக புள்ளி விழ ஆரம்பிக்கும். புள்ளி கொப்புளமாகும். கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே செக்கச்செவேல்னு துரு!

"இதுக்கு எதுக்கு அண்ணாச்சி பட்டறை? ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கி அடிச்சா முடிஞ்சு போச்சு" என்று யோசனை சொல்ல தெருவுக்கு நாலு பேர் உண்டு. அடிக்கலாம். ரெண்டே மாசத்தில் அதே இடத்தில், இன்னும் பெரிசா கொப்புளம் வரும். துருவோடு சேர்த்து உப்பையும் உள்ளே வைத்து பூட்டியதுதான் காரணம்.

உப்புதான் வில்லன்

குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில். பிழைப்பு தரும் அதே உப்பு, காத்தோடு வந்து காரிலும் படிகிறது. உப்புக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. மழையே பெய்யாவிட்டாலும் ராத்திரி பனிக்கு இரும்பு மேல் மெல்லிசா உப்புத்தண்ணி படலம் உண்டாகிவிடும்.

வெளியே தெரியும் தகடு காலையில் வெயில் பட்டதும் காய்ந்துவிடும். பட்டைக்கு அடியில், கிளிப் ஓட்டையில், ரப்பர் பீடிங் இடுக்கில் தேங்கியது காயாது. கதவின் நடுவில் வராத துரு பட்டை ஓரத்தில் முதலில் வருவது இதனால்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய் மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அப்போது தண்ணீரில் நின்ற கார்களில் பட்டைகளுக்கு உள்ளே சேறு அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள், ஜன்னல் ஓரமும் கதவு அடியும் மட்டும் புதுக் கறுப்பாக மின்னினால் உஷாராக இருக்கணும்.

காந்தத்தை எடுங்க

முதலில் பட்டை எந்த உலோகம்னு தெரியணும். ஒரு சின்ன காந்தம் போதும். ஒட்டிக்கொண்டு, செந்நிறத் துருவும் இருந்தால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம். ஒட்டுது, ஆனா துருவே இல்லாமல் மங்கலா மட்டும் இருக்குன்னா அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கலாம். அதுக்கு பெயின்ட் வேண்டாம், பாலிஷ் போட்டாலே போதும். புதுக் கார்களில் குரோம் மாதிரி மின்னுவது பலதும் பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது, உரியத்தான் செய்யும்.

அம்பாசடர், பத்மினி மாதிரி பழைய வண்டிகளில் இருப்பது நிஜ குரோம் பம்பர். குரோம் பூச்சு ரொம்ப மெல்லிசு. அதில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் அடியில் இரும்பு அரிக்கும். புள்ளி மட்டும்தான் விழுந்திருக்குன்னா அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி, தண்ணியில் நனைத்து லேசா தேய்த்தால் போய்விடும். குரோமை விட அலுமினியம் மிருது என்பதால் கீறல் விழாது. பூச்சே உரிந்து போச்சுன்னா முலாம் பட்டறைக்குத்தான் அனுப்பணும். குரோம் ஸ்ப்ரேன்னு கடையில் விற்பதை அடித்தால் சில்வர் பெயின்ட் அடித்த மாதிரிதான் இருக்கும். காசு வேஸ்ட்.

வேலையை ஆரம்பிக்கலாமா?

இரும்புப் பட்டைக்கு வருவோம். முடிந்தவரை கழற்றி வைத்துத்தான் செய்யணும். கிளிப்பில் மாட்டியதை, ஸ்குரூடிரைவர் முனையில் துணி சுற்றி மெதுவாக நெம்பணும். பசை டேப்பில் ஒட்டியதென்றால் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்தி, தூண்டில் நரம்பை உள்ளே விட்டு ரம்பம் மாதிரி இழுத்தால் வந்துவிடும். கழற்ற முடியாததுக்கு சுற்றிலும் மாஸ்கிங் டேப், அதுக்கு மேல் பழைய பேப்பர்.

அடுத்து உப்புத்தாள். 80 நம்பரில் ஆரம்பித்து 180, பிறகு 320 என்று போகணும். துரு உள்ள இடத்தை வெள்ளி மாதிரி இரும்பு தெரியும் வரை தேய்க்கணும். சுற்றி ரெண்டு விரல் அகலத்துக்கு நல்ல பெயின்டையும் சரிவாகத் தேய்த்து விட்டால்தான் மேடு தெரியாது. தூசி மூக்கில் போகாமல் மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

இப்போதுதான் முக்கியமான கட்டம். தேய்த்து முடித்ததும் பலபேர் துணியால் துடைத்துவிட்டு பெயின்டுக்குப் போய்விடுகிறார்கள். துரு போயிருக்கும், குழிக்குள் உப்பு இருக்கும்! அதைத் தண்ணீர்தான் கரைத்து வெளியேற்றும். ஷாம்பு போட்டு பிரஷ்ஷால் தேய்த்து ரெண்டு மூணு தடவை கழுவணும். நம்ம ஊரில் பல வீட்டு போர் தண்ணியே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் கதை கந்தல். கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது குடிக்கிற கேன் தண்ணி பயன்படுத்துங்க. கழுவியதும் உடனே துடைத்து வெயிலில் காய வைக்கணும். ஒரு ராத்திரி விட்டால் மறுபடி செந்நிறம் பூத்துவிடும்.

எட்டாத குழிக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று கடையில் கிடைக்கும். துருவைக் கறுப்புப் படலமாக மாற்றிவிடும். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை காயவிட்டு, அதன் பிறகு பிரைமர். இரும்புக்கு எபாக்சி அல்லது ஜிங்க் பிரைமர் நல்லது. அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் தனியாகக் கேட்டு வாங்கணும், சாதா பிரைமர் அதில் பிடிக்காது.

ஸ்ப்ரே டப்பாவை ரெண்டு நிமிஷம் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, பட்டைக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடிக்கணும். ஒரே அடியாக மூடப் பார்த்தால் வழிந்துவிடும். மெல்லிசா மூணு தடவை, இடையில் பத்துப் பதினைஞ்சு நிமிஷம். கலரும் அப்படியே, கிளியரும் அப்படியே. காலைப் பனியிலும் சாயங்கால கடல் காத்திலும் அடித்தால் பெயின்ட் பால் மாதிரி வெளுத்துவிடும். 10 மணிக்கு மேல் நிழலில் அடிக்கிறது சரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

பாத்ரூம் ஆசிட்... வேண்டவே வேண்டாம்

சிலபேர் துருவை எடுக்க பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். பளிச்சென்று போகும், உண்மைதான். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். உப்பில் இருக்கும் அதே குளோரைடை இரும்பில் விட்டுவிட்டுப் போகும். சில நாளில் துரு திரும்பும். அதன் புகை பட்டால் பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர்கூட துருப்பிடிக்கும், நம்ம நுரையீரல் என்ன ஆகும்? பிளீச்சிங் பவுடர் கிடக்கும் இடத்தில் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வரும். உயிருக்கே ஆபத்து.

ஸ்ப்ரேயும் தின்னரும் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்படிப் பக்கம், ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அதை பெயின்ட் பூத் வைத்திருக்கும் பட்டறைக்கு விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இந்த துரு வீட்டு வேலை இல்லை

பட்டையைக் கழற்றியதும் அடியில் உள்ள தகட்டை ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்க. உள்ளே போனால் அங்கேயே நிறுத்துங்க. முக்கியமாக கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி. பக்கவாட்டில் மோதினால் உள்ளே இருக்கிறவங்களைக் காப்பாற்றும் இடம் அது. பட்டி வைத்து மூடி பெயின்ட் அடித்தால் பார்க்க அழகா இருக்கும், பலம் இருக்காது. அரித்த தகட்டை வெட்டி புதுத் தகடு வெல்டிங் செய்யும் டிங்கரிங் ஆளிடம்தான் போகணும்.

தகடு கெட்டியாக இருந்தால் ஒரு நாள் முழுக்க காயவிட்டு பட்டையை மாட்டலாம். அலுமினியப் பட்டையில் இரும்பு ஸ்குரூ போடும்போது கிரீஸ் தடவுங்க. ரெண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் ஒட்டி நின்றால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். கிளிப் ஓட்டைக்கும் கொஞ்சம் கிரீஸ். அப்படியே குனிந்து கதவின் அடி விளிம்பைப் பாருங்க, தண்ணி வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி விடுங்க. வாக்ஸ், பாலிஷ் எல்லாம் ஒரு மாசம் கழித்துப் போட்டால் போதும்.