கோழியைத் துரத்தும் நாயை என்ன செய்வது?

கிராமத்தில் நாயும் கோழியும் ஒரே வாசலில் வளர்வது புதிதல்ல. திண்ணையோரம் நாய் படுத்திருக்க, அதன் வாலருகே கோழி குப்பையைக் கிளறும் காட்சியை எந்த ஊரிலும் காணலாம். ஆனால் எல்லா நாய்களும் இப்படி இருப்பதில்லை. ஒருநாள் காலையில் எட்டுப் பத்துக் கோழிகள் செத்துக் கிடக்க, வளர்த்த நாயே வாலை ஆட்டிக்கொண்டு அருகில் நிற்கும்.

நாட்டுக்கோழி ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டைகள்தான் இடும். அதையும் மூன்று நான்கு தடவையாக இட்டு, இடையில் அடைகாத்துக் குஞ்சும் வளர்க்கும். ஆகவே ஒரு தாய்க்கோழி போனால் அதன் விலையோடு நட்டம் நிற்பதில்லை. அது வளர்க்க வேண்டிய குஞ்சுகளும், வீட்டுப் பெண்களின் கைச்செலவுக்கு வரவேண்டிய பணமும் சேர்ந்தே போகின்றன. செத்தது பக்கத்து வீட்டுக் கோழியானால் விவகாரம் பஞ்சாயத்து வரை போகும். ஆத்திரத்தில் நாய்க்கு விஷம் வைப்பவர்களும் உண்டு. இவ்வளவு தூரம் போகவிடாமல், முன்கூட்டியே தடுக்க வழி இருக்கிறது.

துரத்துவது ஏன்?

நாய் ஓநாய் வழியில் வந்த விலங்கு. இரையைக் கூர்ந்து பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்துத் தின்னுதல் என்பவை அதன் வேட்டையின் படிகள். மனிதன் தன் தேவைக்கேற்ப இவற்றில் சிலவற்றை வலுப்படுத்தியும் சிலவற்றைக் குறைத்தும் நாய் இனங்களை உருவாக்கினான். மந்தை மடக்கும் 'பார்டர் கோலி' நாயில் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மிகுதி; கடிக்கும் படி குறைவு. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைக் கண்டு ஓடிப் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்டவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் முயல் வேட்டைக்கு இடமில்லை. ஆனால் சட்டம் மாறியதால் இரத்தத்தில் ஊறிய குணம் மாறிவிடாது. நகரங்களில் விரும்பி வளர்க்கப்படும் குட்டைக்கால் 'டாக்ஸ்ஹண்ட்' கூட வளைக்குள் புகுந்து வேட்டையாட உருவாக்கப்பட்ட இனமே. அது மண்ணைத் தோண்டிக் கோழிக் கொட்டிலுக்குள் புகுவதில் வியப்பில்லை.

இந்த வேட்டை உணர்வைத் தூண்டுவது ஓட்டமும் படபடப்பும்தான். வயிறு நிறைந்த நாயும் துரத்தும். ஒரு கோழி விழுந்ததும் அடுத்தது சிறகடிக்கிறது. நாயின் கவனம் உடனே அதன்மேல் தாவுகிறது. அடைத்த கொட்டிலில் கோழிகள் தப்பவும் முடியாது. ஒன்றைக்கூடத் தின்னாமல் பத்தைக் கொல்வதற்கு இதுவே காரணம். இதில் பகையும் இல்லை, பழிவாங்கலும் இல்லை.

முன்னரே கண்டுகொள்ளுங்கள்

கோழியைக் கண்டதும் நாய் அசையாமல் நிற்கிறதா? காது முன்னோக்கி நிமிர்ந்து, உடல் தாழ்ந்து, பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்கிறதா? பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லையா? இவை வேட்டை உணர்வு கிளம்பியதன் அறிகுறிகள். வாலை ஆட்டுகிறதே என்று ஏமாறக் கூடாது. இந்நிலையிலுள்ள நாயை ஒரு நிமிடமும் கோழிகளோடு தனியே விடக் கூடாது. இரண்டு நாய்கள் சேர்ந்தால், தனியே சாதுவாக இருப்பதும் துரத்தத் தொடங்கும்.

குட்டியிலேயே பழக்குங்கள்

பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலம் நாய்க்குட்டியின் பழக்கவழக்கங்களுக்கு அடித்தளம் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஸ்காட், புல்லர் ஆகிய இருவரும் 1965-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளனர். இந்த வயதில் குட்டி நாள்தோறும் கோழிகளைப் பார்த்து, மணந்து பழக வேண்டும். முதலில் கம்பி வலைக்கு அப்பாலிருந்து பழக்குவது நலம். பின்பு கயிற்றில் பிடித்தபடி, அமைதியான பெரிய கோழிகளின் அருகே நிறுத்தலாம். குஞ்சுள்ள தாய்க்கோழியிடம் குட்டியை விட வேண்டாம். அது குட்டியின் கண்ணைக் கொத்திவிடக் கூடும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வார்னம்பூல் நகரை அடுத்த மிடில் தீவிலிருந்த சிறு பெங்குவின்களை நரிகள் கொன்று தீர்த்து வந்தன. 2006-இல் அங்கே 'மரெம்மா' இன நாய்களைக் காவலுக்கு விட்டார்கள். அவ்வூர்க் கோழிப் பண்ணையாளர் ஒருவர் அதே இன நாயைத் தம் கோழிகளுக்குக் காவல் வைத்திருந்ததே இந்த யோசனைக்கு வித்திட்டது. ஆனால் மரெம்மா தலைமுறை தலைமுறையாக மந்தைக் காவலுக்கு வளர்க்கப்பட்ட இனம். கன்னியிடமும் சிப்பிப்பாறையிடமும் அதே வேலையை எதிர்பார்ப்பது தவறு.

குட்டியில் சாதுவாயிருந்த நாய், ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றரை வயதுக்குள் திடீரென்று துரத்த ஆரம்பிப்பதுண்டு. இந்தப் பருவத்தில் காவல் தளரக் கூடாது.

வளர்ந்த நாய்க்குப் பயிற்சி

1. பயிற்சிக்கு முன் நாயை நன்றாக ஓடவிட்டுக் களைப்பாற்றுங்கள். ஓட்டமின்றி நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய், அவிழ்த்தவுடன் கண்ணில் பட்டதைத் துரத்தும்.

2. பத்துப் பதினைந்து அடி நீளமுள்ள உறுதியான கயிற்றில் பிடித்து, கோழிகளை நாய் பார்க்கும். ஆயினும் உங்கள் சொல்லையும் கேட்கும் என்ற தூரத்தில் நிறுத்துங்கள். அது முப்பது அடியாகவும் இருக்கலாம், நூறு அடியாகவும் இருக்கலாம்.

3. கோழியைப் பார்த்த நாய், அழைத்ததும் உங்கள் பக்கம் திரும்பினால் அந்த நொடியே வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைக் கொடுங்கள். கோழியைவிட உங்களிடம் ஆதாயம் அதிகம் என்பது அதன் மனத்தில் பதிய வேண்டும்.

4. காலை, மாலை பத்து நிமிடம் போதும். சில நாட்களுக்கு ஒருமுறை சில அடிகள் நெருங்குங்கள். நாய் விறைத்து நின்றால் பழைய தூரத்துக்குத் திரும்புங்கள்.

5. ஒரு முறைகூடத் துரத்த இடம் தராதீர்கள். துரத்துவதே நாய்க்கு இன்பம். ஒரு துரத்தல் பல நாள் பயிற்சியைக் கெடுத்துவிடும்.

சில வாரங்களில் மாற்றம் தெரியும். ஆனால் ஒருமுறை கோழியைக் கொன்றுவிட்ட நாயைப் பயிற்சியை மட்டும் நம்பி அவிழ்த்துவிடக் கூடாது. அதற்கு வேலிதான் காவல்.

வேலியும் கொட்டிலும்

அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நாயை வெளியே நிறுத்தாது. பற்றவைத்த கம்பி வலையே ஏற்றது. உயரம் 6 அடி வேண்டும். கீழ் 2 அடிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வலையை இணைத்தால் நாய் காலை விட்டுக் கோழியை இழுக்க முடியாது. தோண்டும் நாயைத் தடுக்க, வலையின் அடிப்பகுதியை வெளிப்புறமாக ஒன்றரை அடி மடித்துப் படுக்கவைத்து, மேலே மண்ணும் கல்லும் இடுங்கள். கதவுக்குத் தாழ்ப்பாளும் கொக்கியும் என இரண்டு பிடிமானம் இருக்கட்டும். பறந்து வெளியே வரும் கோழிகளுக்கு ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்துவிடலாம். இரத்தம் ஓடும் இளம் இறகை வெட்டக் கூடாது.

இரவில் பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போவது பாதுகாப்பல்ல. நாய் அதை எளிதில் புரட்டிவிடும். தரையிலிருந்து 3 அடி உயரத்தில், கால்கள் மேல் அமைத்த மரக்கூண்டு நல்லது. பயந்த கோழிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாவதுண்டு. எனவே கூண்டு நெருக்கடியாக இருக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டுவது, சூடான முட்டையை வாயில் திணிப்பது, அடித்து உதைப்பது ஆகியவற்றால் பயனில்லை. எப்போதோ செய்ததற்கு இப்போது அடி விழுகிறது என்பது நாய்க்குப் புரியாது. அது உங்களைக் கண்டு அஞ்சும். நீங்கள் இல்லாதபோது துரத்தும். மேலும் இத்தகைய கொடுமை 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். கோழி அறுத்த குடலையும் இறகையும் நாய்க்கு வீசும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

கடிபட்ட கோழிக்கு

தனியே பிரித்து, நிழலில் அமைதியாக வையுங்கள். இறகை விலக்கிக் காயத்தைத் தேடுங்கள். சிறு துளையாகத் தெரியும் பல்காயம் உள்ளே ஆழமாக இருக்கும். சுத்தமான நீரால் கழுவி, பொவிடோன் அயோடின் மருந்திட்டு, ஈ மொய்க்காமல் காத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

என்றுமில்லாமல் ஒரு நாய் கண்டதையெல்லாம் கடித்தால், அதை வேட்டைக் குணமென்று விட்டுவிடாமல் வெறிநோயோ என்று ஐயுற வேண்டும். மனிதரைக் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடத் தவறாதீர்கள்.

புதிதாக நாய் வாங்குவோர் அழகையும் வேகத்தையும் மட்டும் பார்க்காமல், வீட்டில் கோழி இருப்பதையும் எண்ணிப் பார்த்து இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேட்டை நாய் ஏற்கெனவே இருக்கிறதென்றால், கோழி திறந்திருக்கும் நேரம் நாய்க்கு அடைப்பு, நாய் திறந்திருக்கும் நேரம் கோழிக்கு அடைப்பு என்று வகுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு ஒழுங்கு இருந்தால் கோழியும் பிழைக்கும், நாயும் பிழைக்கும், அண்டை வீட்டாரோடு உறவும் கெடாது.